பிள்ளையார் முத்திரை போட்ட பதிப்புரிமை

காரைக்காலில் யாரையும் கேட்காமல் தும்மக்கூட மாட்டார் என்று ஒருவரைச் சொல்ல முடியுமானால், அது எங்கள் கல்லூரி 'பெர்மிஷன்' ஒருவர்தான். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருக்கு வேறு பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது, ஆனால் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டே இருப்பார். "சார், உங்க பேப்பர்ல ரெண்டாம் பக்கம் மட்டும் பாத்துக்கலாங்களா?" என்பார். மூன்றாம் பக்கத்தையும் பாருங்கள் என்றால் தயங்குவார். அதை அவர் கேட்கவில்லையே.

இப்படிப்பட்டவரைப் பிடித்துப் பசுமைக் குழுவில் போட்டார் எங்கள் முதல்வர் அம்மா. கல்லூரிக்குப் பசுமைச் சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. உடனே வளாகத்தில் காகிதத்துக்குத் தடை. ஜெராக்ஸ் மெஷினுக்கு உறை போட்டு மூடினார்கள். பாடமெல்லாம் இணையத்தில் ஏற வேண்டும், பிள்ளைகள் செல்போனில் படிக்க வேண்டும். எல்லாத் துறைகளும் புத்தகங்களை ஸ்கேன் செய்து மளமளவென்று ஏற்றின. பெர்மிஷன் ஏற்றவில்லை.

அவர் பாடத்தில், பிரான்ஸைச் சேர்ந்த ரியூனியன் தீவு எழுத்தாளர் அம்மா ஒருவரின் சிறுகதை ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்தது. கரும்புக் கொல்லையில் கடல்நீர் ஏறிவிடும் கதை. போலகம் பக்கமிருந்து வரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஆனால் எழுதியவரைக் கேட்காமல் ஏற்றமாட்டேன் என்று நின்றார் மனிதர்.

"மரத்தக் காப்பாத்துறதுக்காக எழுதுனவங்க வயித்துல அடிக்கலாங்களா?"

"அந்தம்மாவுக்கு எங்க சார் தெரியப் போவுது?" என்றார் முதல்வர்.

"எனக்குத் தெரியுங்களே மேடம்."

முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆய்வுக்குள்ள பாடம் ஏறலன்னா அடுத்த வருஷம் உங்கள வச்சுக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

பெர்மிஷன் இங்குள்ள எழுத்தாளர் சங்கம் ஒன்றுக்கு மெயில் போட்டார். அவர்கள் பிரான்ஸில் ஒரு சங்கத்தைக் கைகாட்ட, அவர்கள் தீவுச் சங்கத்தைக் கைகாட்டினார்கள். எழுத்தாளர்கள் நாடு விட்டு நாடு ஒருவருக்கொருவர் காவல் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசியில் பதில் வந்தது. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ஆகாதாம், காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் கேட்கவேண்டுமாம்.

பசுமைக் குழு ஆளே காகிதம் வாங்குவதா? அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்த எனக்குக் கால் வலித்தது.

"கடையில ஒரு தாள் வாங்கி எழுதிப் போடுங்களேன் சார்."

"புதுத் தாளுங்களா?" என்று என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்தார். பிறகு திருவேட்டக்குடியிலிருந்து எனக்கு வந்திருந்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். "கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே. பின்பக்கம் சும்மாத்தானே கெடக்கு, எடுத்துக்கலாங்களா?"

முன்பக்கம் தங்க நிறப் பிள்ளையார், நான்கு மூலையிலும் மஞ்சள். பின்பக்கம் சர்வதேசப் பதிப்புரிமை. அப்படியே கடல் தாண்டிப் போயிற்று.

பதில் வரும்வரை வகுப்பில் கதையை வாயாலேயே சொல்லி நடத்தினார். ஆய்வாளர்கள் வந்தார்கள், உறை போட்ட ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துப் பூரித்தார்கள், சான்று கொடுத்தார்கள். பெர்மிஷனின் பாடம் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. முதல்வர் சொன்னபடி அடுத்த வருஷம் அவரைப் புதுப்பிக்கவில்லை.

அவர் போன பிறகு, கல்லூரி முகவரிக்கு வந்தது அந்த அம்மாவின் கடிதம். திருமலைராயன்பட்டினத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர், நான் போன் செய்ததும் ஓடிவந்தார். தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் அம்மா. உங்கள் அரசாங்க முத்திரையில் அந்த யானை முகம் மிக அழகு என்றும், மஞ்சள் இல்லாவிட்டால் செல்லாதோ என்று தானும் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். நான்கு மூலையிலும் அளவாக மஞ்சள். ஆசிரியர் அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பெர்மிஷன் சிரித்து முடிக்காமலே முதல்வர் அறைக்கு நடந்தார். "மேடம், இப்ப ஏத்திடலாங்களா?"

"வேலையில இல்லாத உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கவலை?"

"இந்த வருஷப் பிள்ளைங்களுக்கும் அதே பாடந்தானுங்களே."

பாடம் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. பேப்பரின் இரண்டாம் பக்கத்தைக் கேட்கத் தெரிந்த மனிதருக்கு இதைக் கேட்கத் தெரியவில்லையே என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

அவரைப் பற்றி எழுதலாமா என்று போனவாரம் போனில் கேட்டேன். "எழுதிக்கிங்க சார். பேரு மட்டும் வேண்டாம். அப்புறம், நல்ல மனுசன் அது இதுன்னு போட்டுடாதீங்க, கூச்சமா இருக்கும்" என்றார்.

அவர் நல்ல மனிதர். அனுமதி இல்லாமல் போட்ட வரி இது ஒன்றுதான்.