கண்ணீர்க் கதம்பமும் கடைசிச் சரணமும்

ஒரு காட்டில், அதாவது நடுவே நான்குவழிச் சாலை போட்டதால் இரண்டு காடாகிவிட்ட ஒரு காட்டில், பொன்னுரங்கம் என்றோர் அழுங்கு, செதில் போர்த்த எறும்புதின்னி, இருந்தது. அதன் மனைவி பவளாயி பிறந்த வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில்தான் சாலையைத் திறந்தார்கள். பிறந்த வீடு அந்தப் பக்கம். லாரிகள் நிற்காமல் ஓடுகிற சாலையை அழுங்கு வேகத்தில் கடக்க முடியாது. பவளாயி அங்கேயே தங்கிவிட்டது.

பொன்னுரங்கம் இதற்காக அழவில்லை. துக்கம் வந்தால் அழுங்குகள் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மாலை காட்டுப்பன்றியின் டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சேற்றுப்பக்கத்து எருமைகள் பாடும் ப்ளூஸ். துக்கத்தைத் தாளம் தப்பாமல் சொன்னால் அந்தக் காட்டில் அதற்கு ப்ளூஸ் என்று பெயர்.

'காலையில எந்திரிச்சேன், பக்கத்துச் சேறு காஞ்சிருக்கு,
ஆமா, காலையில எந்திரிச்சேன், பக்கத்துச் சேறு காஞ்சிருக்கு,
நீ படுத்த குழியில இப்ப கொக்கு ஒண்ணு மேஞ்சிருக்கு.'

பொன்னுரங்கம் டீயைக் கீழே வைத்தது. கடைசிச் சரணம் வந்தது.

'போகும்போது சொல்லியிருந்தா கொஞ்சதூரம் வந்திருப்பேன்,
ஆமா, போகும்போது சொல்லியிருந்தா கொஞ்சதூரம் வந்திருப்பேன்,
பேசாம நடந்திருப்பேன், அதுபோதும்னு இருந்திருப்பேன்.'

அடுத்த கணம் பொன்னுரங்கம் சுருண்டு, பெஞ்சிலிருந்து விழுந்து, சரிவில் உருண்டு, ஓடைக்கரையில் போய் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் விரிந்தது. நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. வார்த்தைகள் மனதில் பதிந்துவிட்டன. ஆனால் அந்தக் குரலில் இன்னொருமுறை கேட்டாக வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் கீரி ராக்கப்பனின் இசைத்தட்டுக் கடைக்குப் போய்ப் பாட்டின் முதல் அடியைச் சொன்னது.

"எருமை மாசிலாமணி பாடினது அண்ணே," என்றது கீரி. "அது மட்டும் தனியா வராது. இந்தாங்க, 'கண்ணீர்க் கதம்பம்'. தேர்ந்தெடுத்த பதினாலு ப்ளூஸ் பாட்டு, ஒரே தட்டுல. பதினாலு பேரோட சோகம். ஒருத்தர் சோகம் பிடிக்கலேன்னா அடுத்தவர் சோகத்துக்குப் போயிரலாம்."

பொன்னுரங்கம் வாங்கி வந்தது. முதல் பாட்டே மாசிலாமணிதான். ஆனால் கொக்கு மேய்ந்த அடி முடிந்ததும் பாட்டு மெல்லத் தேய்ந்து நின்றது. உடனே இரண்டு தவளைகள் வேறேதோ பாட ஆரம்பித்தன. பொன்னுரங்கம் உறையைத் திருப்பிப் பார்த்தது. பொடி எழுத்தில் போட்டிருந்தது: 'இடமின்மையால் கடைசிச் சரணம் நீக்கப்பட்டுள்ளது. முழுப் பாடல் மாசிலாமணியின் "ஈரக் கொம்பு" தட்டில் உள்ளது.'

அந்தக் காட்டில் 'ஈரக் கொம்பு' தட்டுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அது ப்ளூஸ் ரசிகர் மன்றத்தில், செயலாளர் நீலமேகத்தின் பொந்தில். உறுப்பினர்களுக்கு மட்டுமே போட்டுக் காட்டுவார்கள்.

சேர்வதற்குப் படிவம் உண்டு. வாங்க வரிசையில் நின்றது பொன்னுரங்கம். முன்னால் ஒரு முள்ளம்பன்றி. அதற்குப் பின்னால் நான்கடி விட்டுத்தான் நிற்க முடியும் என்பதால் வரிசை ஆள் கணக்குக்கு மீறி நீண்டு கிடந்தது. நீலமேகம் ஆந்தை. அலுவலக நேரமோ பகல். தூங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. பொன்னுரங்கத்தின் படிவத்தில் ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் ஒரு கண்ணைத் திறந்தது.

"'உங்களிடம் தொகுப்புத் தட்டு உண்டா?' உண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"உண்டுங்க ஐயா. ஒண்ணு."

வரிசையில் சலசலப்பு. முள்ளம்பன்றி இன்னும் ஓரடி விலகி நின்றது.

"ஒரு தட்டுன்னா ஒரு வீடு மாதிரி," என்றது நீலமேகம். "பாட்டுக்கு முன்னால ஒரு பாட்டு, பின்னால ஒரு பாட்டு, நடுவுல கொஞ்சம் மௌனம், எல்லாம் சேர்ந்ததுதான் அது. தொகுப்பு வாங்குறவன் பதினாலு வீட்டு ஜன்னலைக் கழற்றிக்கிட்டு வந்து வரிசையா நிறுத்தி, இதான் என் வீடுங்கிறான்."

"எனக்கு ஒரு ஜன்னல்தாங்க வேணும். அது வழியா ஒருத்தரைப் பார்க்கணும்."

நீலமேகம் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டது. யோசிக்கிறதா தூங்குகிறதா என்று தெரியவில்லை. பிறகு, "தட்டை ஒழிச்சுட்டுச் சான்றிதழோட வாங்க," என்றது.

பொன்னுரங்கம் தட்டைத் தூக்கிக்கொண்டு கீரியிடம் போனது. "இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு ஒரு சான்றிதழ் குடுப்பீங்களா தம்பி?"

கீரி மேசை இழுப்பறையைத் திறந்தது. உள்ளே கட்டுக்கட்டாக அச்சடித்த சான்றிதழ்கள். "பேரைச் சொல்லுங்க, எழுதித் தர்றேன். தட்டை வீட்டுலயே வெச்சுக்குங்க. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் என்றால் யார் என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. அதற்கு அந்தச் சரணம்தான் வேண்டும். பொய்ச் சான்றிதழை நீலமேகத்திடம் நீட்டியது. தற்காலிக உறுப்பினர் அட்டை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டம் கூடியது. முள்ளம்பன்றி, இருவாச்சிப் பறவைகள், நீர்நாய்கள் என்று இருபது பேர் இருக்கும். நீலமேகம் நிறம் மங்கிய ஓர் உறையை எல்லோருக்கும் காட்டியது. கொம்பில் நீர் சொட்டும் எருமையின் படம். தட்டை உருவிச் சுழலவிட்டது.

மாசிலாமணி பாடியது. பொன்னுரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொக்கு மேய்ந்தது. பாட்டு மெல்லத் தேய்ந்து நின்றது.

இடைவெளியில் தட்டு கரகரத்தது. அந்தக் கரகரப்புக்குள், இன்னும் தொடங்காத அடுத்த பாட்டை, தவளைப் பாட்டின் முதல் அடியை, இருபது பேரும் தங்களை அறியாமல் முணுமுணுத்தார்கள். பிறகுதான் தட்டில், கண்ணீர்க் கதம்பத்தில் வந்ததுபோலவே, தவளைகள் பாட ஆரம்பித்தன.

முணுமுணுப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் அவரவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

நீலமேகம் தொண்டையைச் செருமியது. "இந்த இடத்துல மாசிலாமணி குரலை மாத்திப் பாடியிருக்கார். ரெண்டு குரல்ல. அபூர்வமான பதிப்பு."

"கேட்டாலே தெரியுது," என்றது மூத்த நீர்நாய்.

பொன்னுரங்கம் எழுந்தது. "ஐயா, மாசிலாமணி பாட்டுல கடைசிச் சரணம் வரலீங்களே."

"அப்படி ஒரு சரணமே கிடையாது."

"ரேடியோவுல கேட்டேனுங்க." சொல்லிவிட்டு, மூன்று அடியையும் பாடியே விட்டது. தாளம் அங்கங்கே தப்பியது. ஓர் இருவாச்சி அலகைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது.

நீலமேகம் இரண்டு கண்ணையும் திறந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது போலி. மூலத்தை இப்பத்தானே எல்லாரும் கேட்டோம். மூலத்துல இல்லாதது எப்படி மூலமாகும்?"

இருபது தலைகளும் ஆடின. தீர்மானம் எழுதப்பட்டது. போலிச் சரணம் பாடியதற்கு வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டால் நிரந்தர உறுப்பினர் ஆகலாம் என்றார்கள். பொன்னுரங்கம் கையெழுத்திட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின்னால் சரசரவென்று சத்தம். முள்ளம்பன்றி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. நான்கடி தள்ளி நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"அண்ணே, அந்தப் போலியை இன்னொருக்காப் பாடுறீங்களா? என் சம்சாரமும் சாலைக்கு அந்தாண்டதான்."

பொன்னுரங்கம் பாடியது. இந்தமுறை தாளம் தப்பவில்லை. பாடி முடிக்கும்போது முள்ளம்பன்றியின் முட்கள் படிந்து கிடந்தன. தலைக்கு மேலே கிளையில் சிறகு அடங்கும் ஓசை கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீலமேகம் ஒரு காலில் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"இரண்டாவது அடி சரியாக் காதுல விழல," என்றது அது. "ஆவணத்துக்காகத்தான் கேக்குறேன்."

நீதி: தொகுப்புத் தட்டைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதைப் போட்டு வைக்க ஒரு நல்ல மூலத்தட்டின் உறையை முதலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.