ஒரு குழாயில் மூன்று சகோதரிகள்

மதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு, தங்கை மகன் வணக்கத்துடன் எழுதுவது.

மார்ச் 4, திங்கட்கிழமை, காலை 10.20க்கு, படிவத்தில் நீங்கள் கொடுத்திருந்த என் நம்பருக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மரபணுப் பரிசோதனைக்கு நீங்கள் குழாயில் அனுப்பிய இரண்டு மில்லி எச்சிலில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்களாம். அம்மாவை விசாரித்ததில் மொத்தம் மூன்று பேர். உங்கள் நலத்தை விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், விஷயம் அவசரம்.

"அக்காவுக்கு எச்சில் குழாய்ல போட்டிருக்கிற கோடு வரைக்கும் வரலடா, பாதியிலயே நின்னுடுச்சு. கூடப்பிறந்தவங்க சும்மா பார்த்துட்டு நிக்க முடியுமா? நான் கொஞ்சம், உன் சித்தி கொஞ்சம்" என்றார் அம்மா. சித்தி போனைப் பிடுங்கி, "என்னோடது கம்மிதான்டா, உங்கம்மாதான் ஜாஸ்தி" என்றார். நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் 'நாங்க ஒரே குடும்பம்' என்று பன்னிரண்டு பேர் ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன், ஆனால் அவர்கள்கூட ஒரு குழாய்க்குள் ஏறியதில்லை.

இப்போது புதுக் குழாய் வந்து பத்து நாளாக உங்கள் பிரிட்ஜ் மேல் இருக்கிறதாம், கேட்டால் "ஒரு தடவை குடுத்தாச்சு" என்கிறீர்களாம். காரணம் அதுவல்ல. உங்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. மரபணுவில் மாற்றம் இருந்தால், உங்கள் மகள், என் அக்காவுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "என் பொண்ணுக்கு நானே குடுத்தேன்னு ஆயிடும்" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறீர்கள். அதைக் கடைக்குப் போய்ப் பொறுக்கியா வாங்கினீர்கள்? உங்கள் மூக்கும்தான் அக்காவுக்கு வந்திருக்கிறது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையே. உங்கள் பரிசோதனை முடிவு வந்தால்தான் அக்காவுக்கு எதைத் தேடுவது என்றே தெரியும். இருந்தால், அதே மாற்றத்தால் புற்றுநோய் வரக்கூடிய மார்பகத்துக்கு முன்கூட்டியே ஸ்கேன் பார்க்கலாம், சினைப்பை பற்றி டாக்டரிடம் பேசலாம். இருப்பதாலேயே நோய் வந்துதான் தீரும் என்றும் இல்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

பெரியப்பாவுக்கு வணக்கம், அக்காவுக்கு அன்பு, எனக்கு உங்கள் ஆசி.

இப்படிக்கு,
பொறுமையில்லாத உங்கள் பிள்ளை

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, "என்கிட்டயும் இருந்தா உனக்கும் வரலாம்ல?" என்றார். "நான் ஆம்பளைம்மா" என்றேன். அவரை மடக்கவே ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். ஆண்களுக்கும் அந்த மரபணு மாற்றம் வருமாம், அவர்களுக்கும் புற்றுநோய் வரலாமாம். நாற்காலி தேடி உட்கார்ந்தேன். மேலே எழுதியது அடுத்தவர் எச்சில் என்ற தைரியத்தில் எழுதியது. ஆகவே இனி செய்யப்போவது:

1. சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன்.
2. அம்மாவையும் சித்தியையும் மாடியில் விட்டுக் கதவைச் சாத்துவேன்.
3. நீங்கள் முடிக்கும்வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அரை நாள் ஆனாலும் சரி.
4. உங்களுக்குப் பார்த்து, அம்மாவுக்கும் பார்த்து, என் முறை வந்தால் உங்களைக் கூப்பிடுவேன். தயவுசெய்து வாருங்கள், நான் தனியாகப் போக மாட்டேன்.