இரண்டு ‘ஏ’ பெட்டிகளும் ஒரு பெரிய வெள்ளியும்

அப்பா முப்பத்தைந்து வருடத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து நல்லதாகப் பேசினார். அது அம்மாவின் காதுக்குப் போகாமல் செய்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. நெட்வொர்க்கிங் படித்திருந்ததால் செய்தேன்.

தஞ்சாவூர் பக்கம் எங்களுக்கு விதைநெல் விவசாயம். அப்பா ஊர்ச் சபையில் பிரசங்கமும் செய்வார். பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுவார்கள். அந்த வருடம் அப்பாவுக்கு மூன்றாவது வார்த்தை. மகன் தன் தாயை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் வார்த்தை. அம்மாவோ வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து சக்கர நாற்காலியில் இருந்தார். கோயிலுக்குப் பதினோரு படி. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம்.

“நாலு பேர் தூக்கிட்டுப் போற நேரம் தானா வரும். அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று அம்மா எங்கள் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் அன்று மாலையே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அப்பா இந்தத் தடவை என்னைப் பத்திப் பேசப் போறாராம்டா. போதகர் வீட்டம்மா சொன்னாங்க. எப்படியாவது கேக்கணும்.” முப்பத்தைந்து வருடமாக என்ன சமைத்துப் போட்டாலும் அப்பாவிடமிருந்து “ம்” என்பதற்கு மேல் அம்மா கேட்டதில்லை.

“நான் இருக்கேன்லம்மா” என்றேன். (இதுதான் பிரச்சினையே.)

கோயில் வேலைகளைப் பார்க்கும் அருள்தாஸ் அண்ணன், “மொபைல்ல வீடியோ கால் போட்டுடலாமே தம்பி” என்றார். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். “ப்ரொஃபஷனலா பண்ணணும்ணே.” (ப்ரொஃபஷனல் அப்போதுதான் மூன்று மாதப் படிப்பை முடித்திருந்தான்.)

கோயிலுக்கும், வயதானவர்கள் உட்காரும் சபை மண்டபத்துக்கும் நடுவே வாய்க்கால். இருநூறு மீட்டர் இருக்கும். கோயிலில் கேமரா வைத்து, படியில்லாத மண்டபத்து டிவியில் அம்மாவுக்கு நேரடியாகக் காட்டுவது என் திட்டம். செம்புக் கம்பி லேன் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் இழுக்காது. அதற்கு மேல் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை. அதன் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். ஒன்று மின்சாரத்தை வெளிச்சமாக்கி அனுப்பும், மற்றது அதை மறுபடி மின்சாரமாக்கும். ஒற்றை இழை போதும் என்று கேபிள் டிவிக்காரரை வைத்து இழுத்தாயிற்று. தஞ்சாவூர்க் கடையில் ஜோடியாகத்தான் கொடுத்தார்கள், ஒரு பெட்டியில் ‘ஏ’, மற்றதில் ‘பி’. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் “ஜோடிய மாத்திடாதீங்க தம்பி” என்றார். நான் ஏற்கெனவே படியிறங்கிவிட்டேன்.

வீட்டில் நாலு பெட்டியையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். விதை வயலில் வேறு ரகப் பயிர் ஒன்று தலைகாட்டினாலும் பிடுங்கி எறிய வேண்டும். கலவன் எடுப்பது என்போம். இல்லாவிட்டால் விதைச் சான்று கிடைக்காது. ஐந்து வயதிலிருந்து கலவன் எடுத்த கை இது, ஏ-யும் பி-யும் கலந்து கிடந்தால் சும்மா இருக்குமா? இரண்டு ஏ-யை ஒரு பையிலும் இரண்டு பி-யை இன்னொரு பையிலும் போட்டேன். பி பையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஏ பையோடு கிளம்பினேன். வியாழக்கிழமை மாட்டியபோது பெட்டிகளின் விளக்குகளில் பாதிதான் எரிந்தன. மீதி அலங்காரத்துக்கு என்று முடிவு செய்தேன்.

வெள்ளி பகல் பன்னிரண்டு மணி. மண்டபத்தில் வெள்ளைப் புடவையில் அம்மா முன்வரிசையில் இருந்தார். பின்னால் இருபது பெரியவர்கள். டிவி கறுப்பாகவே இருந்தது.

“துக்க நாள்ல, அதான் கறுப்பா வச்சிருக்காங்க” என்றார் ஒரு தாத்தா. எல்லோரும் தலை குனிந்தார்கள். இருபது பேர் அரை மணி நேரம் வெறும் டிவியை பக்தியோடு வணங்கினார்கள்.

நான் வாய்க்கால் பாலத்தில் ஓடினேன், பதினோரு படி ஏறினேன், பெட்டியைக் கழற்றி ஊதி மாட்டினேன், திரும்பி ஓடினேன். கோயிலுக்குள் எல்லா போனும் அணைந்திருந்தது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். என் போன் ஒன்றை வைத்து யாருக்கு வீடியோ கால் போடுவது? அப்பா பேசுவதை அதில் பதிவாவது செய்திருக்கலாம். அந்த யோசனை மாலை நாலு மணிக்குத்தான் வந்தது.

மூன்றாவது வார்த்தை தொடங்கியபோது நான் மண்டபத்து மேசைக்கு அடியில் இருந்தேன். வாய்க்கால் தாண்டி அப்பாவின் குரல் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. அம்மா நாற்காலியை ஜன்னலோரம் உருட்டிக்கொண்டு போய்க் காதைச் சாய்த்தார். பிறகு, “விடுடா. வேர்த்து ஊத்துது பாரு” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஆராதனை முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த பெண்கள், “குடுத்து வச்சவங்கக்கா நீங்க” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா அப்பாவிடமே கேட்டார்.

“அது அங்க சொன்னது. வீட்ல வச்சு எப்படிச் சொல்றது?” என்று அப்பா சோற்றைப் பிசைந்தார்.

கடைக்காரர் பிறகு விளக்கினார். ஒற்றை இழையில் ஏ ஒரு நிறத்தில் பேசும், இன்னொரு நிறத்தில் கேட்கும். பி அதற்கு நேர்மாறு. இரண்டும் ஏ என்றால் இரண்டும் பேசும், எதற்கும் கேட்காது. இதை வீட்டில் சொன்னேன். “நம்ம வீடு மாதிரி” என்று அம்மா இடுப்பு வலிக்கச் சிரித்தார். ஈஸ்டருக்கு பீரோவைத் திறந்து ஒரு பி-யை எடுத்து மாட்டினேன். படம் கண்ணாடியாய் வந்தது. அன்று அப்பாவுக்குப் பேச்சு இல்லை.

அடுத்த பெரிய வெள்ளிக்கு அம்மா இல்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், “ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்று போதகர் அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார். அப்பா என்னைத் தேடிப் பார்த்தார். “டேய், கனெக்ஷன் சரியா இருக்கா?”

கூட்டம் சிரித்துவிட்டது. என் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். “இருக்குப்பா” என்றேன். அப்பா அந்த மூன்றாவது வார்த்தையை முழுதாக, மறுபடி சொன்னார். நானும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது பாராட்ட வாயெடுத்தால், “கனெக்ஷன் சரியா இருக்கா?” என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் சிரிப்போம், அப்பாவும்தான். அன்று மைக் நன்றாகவே வேலை செய்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களை பறித்தவர்களுக்குக்கூடக் கேட்டதாம். அம்மாவுக்குத்தான் அந்தத் தடவையும் கேட்கவில்லை.