உன் ஆட்டால் பூட்டப்பட்ட என் தபால்பெட்டி

அன்னாபா நகரம்,
பெருநாள் கழிந்து பத்தொன்பதாம் நாள்.

மார்சேயில் இருக்கும் என் அக்காள் மகன் ஸுஹைருக்கு, மாமா பெல்காசிமின் ஸலாம். நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க இறைவன் அருள்வானாக. இங்கே எனக்கு ரத்த அழுத்தம், மாமிக்கு முழங்கால், மற்றபடி குறையில்லை. இதைக் காகிதத்தில் எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். காரணம் நீதான், நல்லா இரு!

"எல்லாத்தையும் அந்த ஒரே கம்பெனில வச்சுக்குங்க மாமா, தொல்லையே இருக்காது" என்று சொன்னது யார்? மெயில், போட்டோ, ஆட்களின் நம்பர், மாத்திரை வேளை, பென்ஷன் காகிதம் எல்லாவற்றையும் அந்த மகராசன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பெருநாளுக்கு உன் பேரில் ஆடு அறுக்கச் சொன்னாய், அறுக்க வைத்தேன். "கண்ணால பாத்தாத்தான் மனசு நிறையும், படம் போடுங்க" என்றாய். கத்தி வைத்தது முதல் தோலுரித்துக் கொக்கியில் தொங்கவிட்டது வரை பதினான்கு படம் ஏற்றினேன். பதினைந்தாவது ஏறவில்லை. கொடூர வன்முறைக்காகக் கணக்கை நிறுத்தியிருக்கிறார்களாம், உரிமையாளர் நான்தான் என்று நிரூபித்தால் திறப்பார்களாம். நானா கொடூரன்? கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்! உன் மாமி வர்தாவோ, "ஊரே அறுத்துச்சு, உங்களை மட்டும் பிடிச்சிருக்காங்கன்னா அப்படி என்னத்தைப் படம் எடுத்தீங்க?" என்று என்னையே விசாரிக்கிறாள்.

முறையிட ஆள் கிடையாது. எழுத்தில் பதில் சொல்லும் ஒரு இயந்திரம் உண்டு. அது பிறந்த நாளும் மாதமும் கேட்டது. என் அடையாள அட்டையில் '1950இல் பிறந்ததாகக் கருதப்படுகிறது' என்றுதானே இருக்கிறது! எங்கள் மலைக்குப் பதிவுக்காரர் வந்தபோது எனக்குப் பல்லே முளைத்திருந்தது, "பனி கொட்டுன வருசங்க" என்றார் என் வாப்பா, அவ்வளவுதான் கணக்கு. ஜனவரி ஒன்று போட்டேன், தவறு. சுதந்திர நாள் போட்டேன், தவறு. அட்டையையே படமெடுத்து அனுப்பினேன், நாளும் மாதமும் இல்லாத பிறப்பு செல்லாதாம். எழுபது வயதுக்கு மேல் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தபால் நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் நஸீராவிடம் புலம்பினேன். "நீங்க தபால்காரரா இருந்தப்ப ஒரு காயிதம் தொலைஞ்சா உங்க சட்டையைப் பிடிக்கலாம் சாச்சா. இப்ப நீங்க யார் சட்டையைப் பிடிப்பீங்க?" என்றாள்.

சிரிக்காதே ஸுஹைர். போட்டோ போகட்டும், பென்ஷன் காகிதம் போகட்டும். அனீஸ் படகேறிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "போன் தண்ணில போயிடும் வாப்பா, நம்பரும் மனசுல நிக்காது. உங்க மெயில் அட்ரஸ் நிக்கும், கரை சேந்ததும் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் என் பிள்ளை. தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். வர்தா காபியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தப் பத்தொன்பது நாளில் அவன் எழுதியிருந்தால்? 'பெறுபவர் இல்லை' என்று முத்திரை குத்தி எத்தனை கடிதங்களைத் திருப்பியிருக்கிறேன் இந்தக் கையால்! எனக்குப் பயமாயிருக்கிறது.

அங்கே பிரான்ஸில் அந்தக் கம்பெனிக்குக் கட்டடம் இருக்கிறதாமே. லீவு போட்டுவிட்டு நேரில் போ. செத்தது ஆடு என்று சொல். ஒரே ஒரு தடவை திறந்துவிடச் சொல், அதன் பிறகு ஜென்மத்துக்கும் அவர்கள் வாசலை மிதிக்க மாட்டேன். உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் உனக்கு நிரந்தர வேலையும் கிடைக்க துஆ செய்யும்,

மாமா பெல்காசிம்.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் வர்தா வந்து, "கணக்கைத் திறந்து குடுத்தது அனீஸ்தானே? அவன் பொறந்த தேதியைத்தான் போட்டிருப்பான்" என்றாள். போட்டேன். திறந்துகொண்டது. உள்ளே ஐம்பத்திரண்டு கடிதங்கள், எல்லாம் கம்பெனி எழுதியவை. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ கட்டாயம் அந்தக் கட்டடத்துக்குப் போ, போய் மறுபடியும் பூட்டச் சொல். பூட்டியிருந்தவரை உள்ளே அவன் கடிதம் இருந்தது.