மருமகளின் இன்ஸ்டாலருக்கு மாமனாரின் சான்று

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகள் தனப்பிரியாவுக்கு, மாமா அர்த்தநாரி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் பண்ணையின் பன்னிரண்டாயிரம் கோழிகளும் நலம். பெங்களூரில் நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

கோழிகளின் தடுப்பூசி நாட்களை எக்செலுக்குள் நினைவூட்டும் ஆட்-இன்னையும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நீ எட்டு மாதம் உழைத்து வடிவமைத்த இன்ஸ்டாலரையும் அனுப்பியிருந்தாய். ஐம்பது வயது கடந்த ஐந்து பேர் ஏற்றிப் பார்க்க வேண்டும், உதவி கேட்டு யாருக்கும் ஃபோன் செய்யக் கூடாது, முடிவில் அவர்கள் தரும் பதிலை வைத்தே உன்னுடையதை வெளியிடுவதா பழையதையே தொடர்வதா என்று கம்பெனி தீர்மானிக்கும், உன் வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்ததே என்று எழுதியிருந்தாய். ஃபோன் கூடாது என்பதால் இக்கடிதம்.

பண்ணை அலுவலகக் கம்ப்யூட்டரின் முன் முதலில் உட்கார்ந்தவர் நம் மேலாளர் சின்னுசாமி. திரையில் "இப்போது ஏற்றலாமா?" என்று கேட்டதும் யோசிக்காமல் "வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டார். பதறிப்போய் ஏன் என்று கேட்டேன். "ஏனுங்க, கேட்ட ஒடனே செரின்னு சொன்னா அலையறான்னு நெனச்சுக்காதுங்களா? ஒருக்கா வேண்டாம்னு சொல்லுவோமுங்க. மறுக்காக் கேக்கட்டும்" என்றார். பழைய இன்ஸ்டாலரிடமும் இவர் இப்படித்தான் செய்தார். அது 'டொக்' என்று கதவடைத்துக்கொண்டு போனது, இவரும் மூன்று மாதம் அதன் முகத்தில் விழிக்கவில்லை. உன்னுடையதோ, "பரவாயில்லை. பிறகு வரட்டுமா, இல்லை இப்போதே ஏற்றிவிடலாமா?" என்று மறுபடி கேட்டது. சின்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா! வளர்த்த ஊடு அப்படிங்க."

முட்டை தரம் பிரிக்கும் அவர் மனைவி பொன்னாத்தாள் பின்னாலிருந்து, "சோத்துக்கு மட்டும் கூப்பிடாமயே வந்து உக்காந்துக்குவீங்க. இதுகிட்டத்தான் உங்களுக்குக் கவுரவமாக்கும்" என்றார்.

அடுத்து பொன்னாத்தாளே உட்கார்ந்தார். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்றெல்லாம் உன் இன்ஸ்டாலர் கேட்கவில்லை. வந்த விருந்தாளி தன் பையைத் தானே ஓரமாக வைப்பதுபோல வைத்துக்கொண்டது. எக்செல் திறந்திருப்பதைக் கவனித்து, "சேமித்துவிட்டு மூடட்டுமா?" என்றது. பழையது காட்டிய பதினோரு பக்க ஒப்பந்தத்துக்குப் பதில் ஐந்து வரி, அதில் ஒன்று, "உங்கள் ஃபைல்கள் எதையும் தொட மாட்டேன்." பொன்னாத்தாள் அதைச் சத்தமாகப் படித்துக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு "இரண்டு நிமிடம் ஆகும், வேறு வேலை இருந்தால் பாருங்கள்" என்று வந்ததும், சொல்லைத் தட்டாமல் எழுந்து கோழிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கரண்டும் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் திரும்பிவந்து பார்த்தால், "மின்சாரம் நின்றுவிட்டது போலிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று எழுதியிருந்தது. தவறு யாருடையது என்று ஆராயாத ஒரு குரலை இந்த அலுவலகத்தில் நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. பொன்னாத்தாள் திரையைப் பார்த்து, "இருக்கட்டும் சாமி, உம்மேல என்ன தப்பு" என்று ஆறுதல் சொன்னார்.

நானும் என் அண்ணனும், தீவன லாரி ஓட்டும் தீர்த்தகிரியும் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஏற்றி முடித்தோம். தீர்த்தகிரி அதன் அழகைப் பார்ப்பதற்காகவே ஏற்றியதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். நீக்கும்போதுகூட அது கோபித்துக்கொள்ளவில்லை. உன் படிப்பு எதற்கு ஆகும் என்று உன் திருமணத்தின்போது ஐயப்பட்டவன் நான். அதை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

எடுத்த வேலையெல்லாம் உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும். மகனிடம் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா
அர்த்தநாரி

பின்குறிப்பு: எல்லாம் முடிந்ததும் "இந்த இன்ஸ்டாலரைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று ஒரு கேள்வி வந்தது. நம் வீட்டுப் பெண்ணை நாமே மெச்சிக்கொள்வது முறையாகாது. சொந்தக்காரர்களைச் சொல்ல வைத்தாள் என்று கம்பெனியில் உன்னைப் பற்றி யாரும் பேசிவிடவும் கூடாது. எனவே என் யோசனைப்படி ஐந்து பேரும் "இல்லை" என்றே பதிலளித்தோம். அனுப்பும் முன் "உறுதியாகத்தானா?" என்று அது ஐந்து தடவையும் கேட்டது. அவ்வளவு தன்மையாகக் கேட்டும் நாங்கள் மசியவில்லை.