தேன் தொடாத நாக்கு

ஒரு காட்டில், சிங்கராஜா அரசாட்சியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தவசி என்றொரு கரடியார் நாவல்பழ ஒயின் செய்துவந்தார். அந்த ஒயினுக்குக் காடே அடிமை. காரணம் ஒரு விரதம். சாடிகளை ருசிபார்க்கும் மாதம் முழுக்க அவர் தேனைத் தொடமாட்டார். கரடியாய்ப் பிறந்தவருக்கு அது லேசா? தேன் பட்ட நாக்குக்குப் புளிப்பு தெரியாது என்பது அவர் கட்சி. புளித்த சாடியை அங்கேயே போட்டு உடைத்துவிடுவார்.

ஒயின்சாலையை ஓநாய்க் கம்பெனி வாங்கியது. மேலாளராக ஒரு நரி வந்து இறங்கியது.

"ஐயா, உங்க தரத்துல நாங்க கை வைக்கவே மாட்டோம். நீங்க சரின்னு சொல்லாம ஒரு சாடி வெளிய போகாது."

கரடியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தரத்தில்தான் கை வைக்கவில்லை. ஒரு பருவம் ஊறவேண்டியதை ஒரே வாரத்தில் இறக்கச் சொன்னது கம்பெனி. செங்காய்களும் சாடிக்குள் விழுந்தன. கரடியார் ஒரு வாய் குடித்தார், துப்பினார், உடைத்தார். அன்று பூராவும் உடைத்தார். வேலை போய்விடுமோ என்று உள்ளூர நடுக்கம்தான். ஆனாலும் உடைத்தார்.

நரி கோபிக்கவில்லை. கைதட்டியது. "இந்த வயசுல இப்படிப் பாடுபடுறீங்களே! வெறும் வாயோட உங்களை வேலை பார்க்க விடலாமா?"

மறுநாள் ருசிபார்க்கும் மேசைமேல் ஒரு தேனடை இருந்தது. ஊழியர் நலத்திட்டமாம்.

"எடுத்துட்டுப் போங்க. நான் விரதம்."

"சாப்பிட வேணாங்கய்யா. சும்மா பக்கத்துல இருக்கட்டும்."

பக்கத்தில் இருந்தது. காலையில் முகர்ந்தார். மத்தியானம் விரலால் தொட்டார். தொட்ட விரலைத் துடைக்கத் துணியில்லை, நக்கினார். சாயங்காலம் தேனடையைக் கடவாயில் அதக்கிக்கொண்டே சாடிகளைப் பார்த்தார். எல்லாமே தித்தித்தன. ஒன்றைக்கூட உடைக்கவில்லை. நம் கண்டிப்பு பலித்துவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"ஒரு சாடிகூடக் கழியாத முதல் நாள்! தரம் உயர்ந்துவிட்டது!" என்று கம்பெனி காடெங்கும் தண்டோரா போட்டது.

வாங்கிக் குடித்த முயல் ஒன்று முகம் கோணி ஓடிவந்தது. "பெரியவரே, காடி மாதிரி புளிக்குதே!"

கரடியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை சாடியை உடைச்ச நாக்கு இதுன்னு தெரியுமா? இதைவிட உன் நாக்கு பெரிசா?" என்று தாடியில் தேன் சொட்டச் சொட்டக் கேட்டார்.

கோளாறு தன் நாக்கில்தான் என்று நம்பிய முயல், வெட்கத்தோடு இன்னொரு குவளை வாங்கிக் குடித்தது.

நீதி: கண்டிப்பானவரை வேலையைவிட்டுத் துரத்தாதீர்கள், தேன் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரக்கைத் திருத்துவதைவிட நாக்கைத் திருத்துவது மலிவு.