மிதிக்கக் கூடாத புல்தரை

மெர்வின் ஹாகன் தோட்டத்தில் குப்புறப் படுத்து, ஒரு காதைத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுது?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் மனைவி டோரீன்.

"சத்தம் போடாதே. நடமாட்டம் கேக்குது."

"தெருவில குப்பை லாரி போகுது, மெர்வின்."

இவரை உங்களுக்குத் தெரியும். புல்தரை மனிதர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மழை ஓய்ந்ததும் தெருவுக்கு ஒருவராவது தலைகாட்டும் இனம். சனிக்கிழமை காலையில் புல்லை ஒரு வரிசை கிழக்கே சாய்த்து, மறு வரிசை மேற்கே சாய்த்து வெட்டி, ஓரங்களைக் கத்தரியால் திருத்தி, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் களைகளுக்காக ஒரு பெருமூச்சும் விடுகிறவர். அந்தப் புல் எதற்கு? உட்காரவா, படுக்கவா, பிள்ளைகள் பந்தாடவா? சேச்சே. பார்ப்பதற்கு.

இப்படிப்பட்டவரிடம்தான் அகழெலி வந்து சேரும். உள்ளங்கை அளவுப் பிராணி. மண்ணுக்கடியிலேயே வளை தோண்டி, மண்புழு தின்று, தோண்டிய மண்ணை மேலே தள்ளிவிட்டுத் தன் வழியே போய்விடும். விடிந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் குவியல்கள். மற்றவர்கள் மண்ணை வாரிக் கொட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். புல்தரை மனிதர் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார்.

மெர்வினுக்கு அந்த அவமானம் கெட்ட நேரத்தில் வந்தது. சனிக்கிழமை மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். சின்ன வயதில் அந்தப் புல்லில் கால் வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது. அதனாலோ என்னவோ, அப்பாவிடம் அவள் கேட்ட ஒரே கல்யாணப் பரிசு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து போவது.

"அந்தக் குவியல் மேல பூந்தொட்டிய வச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் டோரீன்.

"எனக்குத் தெரியுமே."

முதலில் வளைக்குள் விளக்கெண்ணெய் ஊற்றினார். அகழெலி இடம் மாறியது. சூயிங்கம் போட்டார். எலி அதைத் தொடவில்லை. மண்ணை அதிரவைக்கும் மின்கோல்களை நட்டார்; டோரீனுக்குத் தலைவலி வந்தது. கடைசியில் கத்தரிக்கோல் போலக் கவ்விக் கொல்லும் எலிப்பொறிகள் வாங்கினார். எந்த வளையில் எலிப் போக்குவரத்து இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொரு வளையையும் காலால் அமுக்கிவிட்டு மறுநாள் எது மேலெழும்புகிறது என்று பார்த்தார். எழும்பிய இடத்திலெல்லாம் குழி தோண்டினார். எலி போட்ட மேடுகளை விட இவர் போட்ட குழிகள் அதிகமாயின. மனித வாடை பட்டால் எலி பொறியை அண்டாதாம். எனவே கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார். சோப்புப் போடுவதையே விட்டார்.

"என்ன மெர்வின், எண்ணெய்க் கிணறு தோண்டறியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார் பக்கத்து வீட்டு எல்டன். அவருடைய தோட்டத்திலும் மண்குவியல்கள் இருந்தன. அவற்றின் நடுவே நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூடாரம் போடுகிற ஆட்கள் வந்தார்கள். மெர்வின் கைகளை விரித்து வழிமறித்தார்.

"யாரும் கால் வைக்கக் கூடாது. பொறி வச்சிருக்கேன். அதிர்வு பட்டா எலி ஓடிடும்."

"சார், நாளைக்குக் கல்யாணம்னு சொன்னாங்களே?"

"நாளைக்குத்தானே? இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

பிரிட்டா உள்ளேயிருந்து வந்தாள். "அப்பா, கல்யாணம் எனக்கா, எலிக்கா?"

"உனக்குத்தான் கண்ணு. உனக்காகத்தானே இவ்வளவும். இன்னும் ரெண்டு நாள் யாரும் மிதிக்காம இருந்தாப் போதும்."

"நாளைக்கு நூறு பேர் வர்றாங்கப்பா."

"ஓரமா நிக்கச் சொல்லேன்."

அவள் அவரைப் பார்த்தாள். குழிகளைப் பார்த்தாள். பிறகு வேலியருகே போனாள்.

"எல்டன் அங்கிள், உங்க தோட்டத்தைக் குடுப்பீங்களா?"

"தாராளமா வாம்மா. எலி இருக்கு, இப்பவே சொல்லிட்டேன். ஆனா யாரையும் ஒண்ணும் பண்ணாது."

ஆட்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். "அந்த ஆணிகளைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க," என்றார் மெர்வின்.

சனிக்கிழமை எல்டனின் தோட்டத்தில் நாற்காலிகள் கோணலாக நின்றன. குழந்தைகள் குவியல்களை உதைத்து விளையாடினார்கள். பாதிரியார் ஒன்றில் தடுக்கிச் சமாளித்தார். மெர்வின் மகளின் கையைப் பிடித்து நடந்துவந்தார். வழியில் ஒரு வளை தென்பட்டது. கால் தானாக அதன்மேல் போய் அமுக்கியது.

"அப்பா, மேல பாருங்க."

"ம்."

அவர் கண்ணில் நீர் இருந்தது. எதற்கென்று அவள் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா ஒன்று இருக்கிறதே, அதில் கடைசியாக யார் உட்கார்ந்தார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டாவும் கணவனும் காலையிலேயே கடற்கரைப் பக்கம் கிளம்பிப் போனார்கள். டோரீன் மீந்த உருளைக்கிழங்கு சாலடைக் குளிர்பெட்டியில் வைத்தாள். மெர்வின் பொறிகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் அகழெலி செத்துக் கிடந்தது. எல்லாக் குழிகளையும் மூடி, விதை தூவி, தண்ணீர் தெளித்தார். யாரும் மிதித்துவிடாமலிருக்கச் சுற்றிலும் கயிறு கட்டினார். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை.